சந்தனம் பூசிய வாளி லொறி

எங்கள் வளவில் இரண்டு தென்னைக்கும் ஒரு முருங்கைக்கும் நடுவில் ஒரு வாளி லொறி நிற்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லொறியின் முதுகில் ஒரு நீளக் கை மடிந்து படுத்திருக்கும். அந்தக் கையின் நுனியில் ஒரு ஆள் நெஞ்சளவுக்கு மறைந்து நிற்கக்கூடிய வாளி. எஞ்சினைப் போட்டுப் பிடியைத் தள்ளினால் கை நிமிரும், முழங்கை விரியும், வாளியில் நிற்கிற ஆள் மர உச்சிக்குப் போய்விடுவார். அங்கே நின்று மெசின் வாளால் கொப்புகளை வெட்டுவார். கறன்ட் கம்பியில் வேலை செய்கிறவர்கள் இப்படி ஒன்றில் வருவதைக் கண்டிருப்பீர்கள். எங்களுடையது மர வேலைக்கு மட்டும்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுதுகிற கையில்லை. ஆனால் அந்த லொறியைப் பற்றி என்னிடம் கேட்டால் எழுதத்தான் வேணும், ஏனென்றால் வாயால் சொல்ல எனக்கு வெட்கம். நாலு பேர் முன்னால் நின்றால் என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

லொறியை வாங்கியவர் என் மருமகன். கட்டாரில் கன வருசம் இப்படியான லொறியில் ஏறி ஈச்ச மரங்களுக்கு ஓலை கழித்தவர். கலியாணம் கட்டிய காலத்தில் முக்கால்வாசியும் என் மகளும் அவரும் போனில்தான் குடும்பம் நடத்தினவை. அவள் இங்கே கறிக்கு உப்புப் போட்டுவிட்டு, போட்டாச்சு என்று அங்கே சொல்லுவாள். போன முறை லீவில் வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல், கொழும்பில் ஏலத்துக்கு வந்த ஒரு பழைய யப்பான் லொறியை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் சாம்பல்தீவுக்கு வந்து இறங்கினார்.

ஆனால் வேலை வரவில்லை. எங்கள் பக்கத்தில் தென்னைக்கு ஆள் ஏறும், பனைக்கு ஆள் ஏறும். லொறி எதற்கு என்றுதான் சனம் கேட்டது. பார்க்க வந்தவர்கள் நிறையப் பேர், கூப்பிட வந்தவர்கள் ஒருத்தருமில்லை. கடைசியில் மருமகன் மகளிடம் சொல்லிவிட்டார்: கோயில் தேர்த் திருவிழாவுக்கு முன்னம் ஆட்கள் தேடி வரத் தொடங்காவிட்டால் நான் திரும்பிப் போறன். ஏஜென்சிக்காரர் விசாவோடு அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். மகள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. குசினியில் சட்டியை மட்டும் வழமையைவிடச் சத்தமாக வைக்கத் தொடங்கினாள்.

நான் லொறியில் கை வைத்தது அந்த நாட்களில்தான். எங்கள் வளவுக்குக் கடல் கிட்ட. காற்று உப்பைக் கொண்டுவந்து எல்லாவற்றிலும் பூசிவிட்டுப் போகும். என் மனுசன் இருந்த காலத்தில் வள்ளத்து எஞ்சினைத் தினமும் நல்ல தண்ணியில் கழுவுவது என் வேலை. ஒரு பின்னேரம், லொறி சாயாமல் நிலத்தில் ஊன்றுகிற இரும்புக் கால் ஒன்றின் மடிப்பில் செம்மண் நிறத்தில் கறள் கண்டேன். ஒன்றும் யோசிக்கவில்லை, கிணற்றடியிலிருந்து குழாயை இழுத்துக் கழுவினேன். அடுத்த நாளும் கழுவினேன். மருமகன் கண்டுவிட்டு மகளிடம், "மாமியிட்டச் சொல்லும், கழுவினாப் பிறகு அந்த மினுங்கிற தண்டை மட்டும் துடைச்சு ஒயில் தடவச் சொல்லி" என்றார். நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன்.

அதையும் சொல்ல வேணும். நானும் மருமகனும் நேரே கதைப்பதில்லை. கோபமொன்றுமில்லை, எங்கள் வீட்டுப் பழக்கம் அது. அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால். அவர் சொல்வது மகள் வழியாக வரும், நான் சொல்வது மகள் வழியாகப் போகும். மகளுக்கு அலுத்துப்போனால், "ரெண்டு பேருக்கும் வாய் கிடக்குத்தானே" என்பாள்.

மகள் வழியாகவே அவர் எல்லாம் சொல்லித் தந்தார். கை மடிகிற ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சின்ன முலை இருக்கும், அதில் கிறீஸ் பம்பை வைத்து அடிக்க வேணும். முதலில் கறுப்பாகப் பழசு வரும், பிறகு மண்ணிறமாகப் புதுசு வரும், புதுசு கண்டால் நிறுத்த வேணும். எனக்கு அது இடியப்பம் பிழிகிற மாதிரி இருந்தது, பிடித்துப்போனது. ஒயில் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி மாதிரி ஒயில் பாய்ந்து தோலுக்குள் போய்விடுமாம். மட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேணும், மட்டை நனைந்தால் கசிவு. வாளிக்குள் கிடக்கிற மரத்தூளை அள்ளிவிட்டு, அடியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேணும். ஒரு முறை வீட்டு மாமரத்தில் பழகிப் பார்த்துவிட்டு வந்த வாளிக்குள் முசுறு எறும்புக் கூடு ஒன்றும் வந்துவிட்டது. அன்றைக்கு நான் துள்ளியதைப் பார்த்து மருமகன் மறுபக்கம் திரும்பி நின்று சிரித்தார். தோள் குலுங்கியது தெரிந்தது.

லொறியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தண்டுதான். கையைத் தூக்குகிற சிலிண்டருக்குள்ளிருந்து வெளியே வரும், உள்ளே போகும். கண்ணாடி மாதிரி மினுங்கும், முகம் தெரியும். என் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து அதற்கென்று ஒரு துண்டு வைத்திருந்தேன். லொறி முழுக்கக் கிழடு, அந்தத் தண்டு மட்டும் கலியாணப் பொம்பிளை.

தேருக்குக் கிட்ட ஒரு நாள் எங்கள் பிள்ளையார் கோயிலிலிருந்து ஆள் வந்தது. தேர் போகிற வீதியில் வாகை மரங்கள் குடை மாதிரிக் கவிந்து கிடக்கின்றன, போன முறை தேர் முடி கொப்பில் கொழுவித் தேரில் கட்டின சேலையெல்லாம் கிழிந்தது, இந்த முறை உங்கட லொறியால் வெட்டித் தர ஏலுமோ என்று கேட்டார்கள். மருமகன் ஓமென்றார். ஊர் முழுக்கப் பார்க்கிற வேலை அது. அதைச் சரியாகச் செய்தால் பிறகு ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு மகள் சட்டியைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

வேலைக்கு முதல் நாள் லொறியைக் கோயிலடிக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வது என்று முடிவானது. நிலாவெளியிலிருந்து சம்பந்தி அம்மாவும் வந்துவிட்டா. மருமகனைப் பெற்றவ. எனக்கு நேர் எதிர். அவ வாயைத் திறந்தால் கடற்கரையில் நிற்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். தன் கையால் அரைத்த சந்தனம் ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்தவ. நான் கோயில் மடத்தில் மோதகம் பிடிக்கப் போய்விட்டேன். நடந்ததெல்லாம் மகள் சொல்லித்தான் தெரியும்.

ஐயர் தேங்காய் உடைத்தாராம். நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தார்களாம். பிறகு சம்பந்தி அம்மா செம்போடு முன்னுக்கு வந்து, கதவுக்கு வைத்து, கண்ணாடிக்கு வைத்து, அதோடு திருப்திப்படாமல், லொறியில் எது ஆக அழகு என்று சுற்றிப் பார்த்திருக்கிறா. அவவுக்கும் அந்தத் தண்டுதான் கண்ணில் பட்டது. நீறு குழைத்து மூன்று குறி, அதன்மேல் சந்தனம் உருட்டி அப்பி, நடுவில் குங்குமம். மருமகன் அப்போது முன்னால் ஐயரோடு நின்றிருக்கிறார். வெயிலில் சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி இறுகிவிட்டது. பிறகு பார்க்க வந்த சனத்துக்காகக் கையை உயர்த்தினார்கள், மடித்தார்கள், இன்னொருக்கா என்று கேட்க, இன்னொருக்கா. ஒவ்வொரு தரம் மடிக்கையிலும் தண்டு அந்தச் சந்தன ஓட்டையும் நீறையும் இழுத்துக்கொண்டு சிலிண்டருக்குள் போயிருக்கிறது.

விடிய நான் துடைக்கப் போனேன். லொறிக்குக் கீழே மணலில் கறுப்பாக ஒரு வட்டம். தண்டில் ஒயில் வழிந்துகொண்டிருந்தது. என் சேலைத் துண்டால் துடைத்தேன். துண்டில் சந்தன வாசம் வந்தது. மகளைக் கூப்பிட்டேன், அவள் அவரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து பார்த்தார், மட்டையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு மகளுக்கு விளங்கப்படுத்தினார். தண்டு வெளியே வருகிற வாயில் ஒரு கறுப்பு வளையம் இருக்கிறது, ஒயிலை உள்ளே பிடித்து வைப்பது அதுதான், சீல் என்பார்கள், அது வெட்டுப்பட்டுப் போச்சு. ஒயில் ஒழுகுகிற லொறியில் ஆள் ஏறக்கூடாது. அது அவர் கட்டாரில் படித்த முதல் சட்டம். கோயிலுக்காகவும் அதை மாற்ற மாட்டார்.

வேலை அன்றைக்குத் தொடங்க வேணும், தேர் நாளை விட்டு மறுநாள். சம்பந்தி அம்மாவுக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சந்தன வாசம் அவவுக்கும் தெரியும்தானே. குசினி மூலையில் ஒரு பலகைக் கட்டையில் போய் இருந்தவ, தேத்தண்ணி கொடுத்தும் தொடவில்லை. அந்த வாய் மூடிக் கிடந்ததைப் பார்க்க எனக்கு லொறியைவிட அதுதான் கவலையாக இருந்தது. மகனைத் தன் கையாலேயே திரும்ப அனுப்புகிறேனே என்று ஒரு தரம் மட்டும் சொன்னா. அதுவும் மெல்லமாக.

கிண்ணியாவில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், உழவு மெசின், மண் அள்ளுகிற மெசின் எல்லாவற்றுக்கும் சீல் வைத்திருப்பார் என்று மருமகனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் யார் போவது? கையை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு மருமகனும் மகளும் சிலிண்டரைக் கழற்றினார்கள், உள்ளே போன சந்தனத்தைக் கழுவி எடுக்கவும் இரண்டு பேர் வேணும், மகளுக்குத்தான் அது பழக்கம். பழைய சீலைக் கிண்டி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மருமகன் நிமிர்ந்தார். நான் கதவடியில் நின்றேன். அவர் மகளைப் பார்க்கவில்லை.

"மாமி, நீங்கள் போவீங்களோ?"

வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் நேரே கேட்ட முதல் கேள்வி அது. மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான், "ஓம் தம்பி" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

சீலைச் சேலைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். டவுனில் இறங்கிக் கிண்ணியா பஸ்ஸுக்கு மாறினேன். பாலத்தில் ஏறும்போது பக்கத்தில் இருந்த மனுசி, என்ன கறி அக்கா, ஒயில் மணக்குது என்றா. நான் சிரித்துச் சமாளித்தேன்.

மெக்கானிக்கின் கடைக்குள் ஐந்தாறு ஆம்பிளைகள். நான் வாசலில் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை, திரும்பவும் வரவில்லை. யாரையோ கூட்டிப்போக வந்தவள் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் அவரே வந்தார். தாடி நரைத்தவர், தொப்பி போட்டவர். என்னம்மா வேணும் என்றார். நான் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

அவர் சீலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பை நகத்தால் சுரண்டினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மா, லொறிக்குக் கலியாணம் ஏதும் நடந்ததோ?"

கடைக்குள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு வாய் தானாகத் திறந்தது. பூசை, சம்பந்தி அம்மா, தண்டு, தேர் எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு கதையை ஒரு அந்நிய ஆளிடம் ஒரே மூச்சில் என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை. அவர் கதிரை இழுத்துப் போட்டு, பால் விடாத பிளேன்ரீ வரவழைத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்து வளையம் வளையமாகத் தேடினார். ஒன்று பெரிசு, ஒன்று தடிப்புப் போதாது. எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. பிறகு பின்பக்கம் போய், மண் அள்ளுகிற மெசின் ஒன்றுக்கென்று எடுத்து வைத்திருந்த ஒன்றைக் கொண்டுவந்து பழையதன் மேல் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. அந்த மெசின்காரர் நாளைக்குப் பிறகு வரட்டும், தேர் நிக்காதுதானே என்றார்.

போட வேண்டிய விதத்தையும் சொன்னார். சீலைச் சுடுதண்ணியில் போட்டு இளக்க வேணும், கொதிதண்ணி கூடாது, கை பொறுக்கிற சூடு. இளகினதும் அவரைக்காய் மாதிரி மடித்து உள்ளே விட வேணும், கூர் ஒன்றும் படக்கூடாது. தண்டில் கீறல் இருந்தால் தேய்க்க மெல்லிய மணல் தாள் ஒரு துண்டும் தந்தார். நான் எழும்பும்போது, சந்தனமா செய்தது என்று கேட்டேன். சந்தனமும்தான், வயசும்தான் என்றார். சீல் வெயிலில் காய்ந்து ஏற்கெனவே விறைத்துப்போயிருந்ததாம், இன்றைக்கில்லாவிட்டால் இன்னொரு மாசத்தில் போயிருக்குமாம். அந்தக் கடைசிப் பாதியை நான் பெட்டியைவிடப் பத்திரமாகக் கொண்டுவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மருமகனிடம் கொடுத்துவிட்டு நேரே குசினிக்குப் போனேன். அடுப்பில் தண்ணி வைத்தேன். சம்பந்தி அம்மா மூலையிலேயே இருந்தா. அவவைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், மெக்கானிக் சொன்னவர் அக்கா, சீல் பழசாம், எப்பிடியும் போற சீலாம்.

அவ நிமிர்ந்து, "சந்தனத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?" என்றா.

"நல்ல சந்தனம் எண்டவர்" என்றேன்.

அவ ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே இழுவையில் குடித்துவிட்டு எழும்பினா. நான் அப்பவே நினைச்சனான் பழைய லொறி எண்டு, யப்பான்காரன் வேண்டாமெண்டு தள்ளினதை இவன் கொண்டந்தவன், என்று தொடங்கினா. வளவு பழையபடி நிறைந்தது.

தண்ணிச் சூட்டை நான் கை வைத்துப் பார்த்தேன். ஒயிலில் கை வைக்கக் கூடாதென்றாலும் தண்ணிச் சூடு எனக்குத் தெரியும். சீல் இளகினதும் மருமகன் அதை அவரைக்காயாக மடித்து உள்ளே விட்டார். அது உள்ளே போய்த் தானாக விரிந்து இருக்கையில் இருந்துகொண்டது. தண்டை நான் ஒயில் தொட்ட மணல் தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். சின்னக் கீறல்தான், விரலுக்குத் தட்டுப்படாமல் போகும்வரை தேய்த்தேன். பொழுது சாய முன்னம் சிலிண்டரைத் திரும்பப் பூட்டி முடித்து, ஆளில்லாமல் கையை உயர்த்தி நிறுத்தினார்கள். மட்டையைப் பிடித்தது நான். மட்டை காய்ந்தே இருந்தது.

"காஞ்சு கிடக்கு தம்பி" என்றேன். மகள் வழியாகச் சொல்ல மறந்துபோனேன்.

அடுத்த நாள் தேர் வீதியில் வேலை. எங்கள் ஊர் மணலில் லொறியின் கால்கள் புதையும். அதனால் ஒவ்வொரு காலுக்கும் கீழே பனைமரப் பலகை போட்டோம். கறன்ட்காரர் வந்து கம்பியில் கறன்டை நிறுத்தித் தந்தார்கள். மருமகன் இடுப்புப் பட்டியைக் கொழுவிக்கொண்டு வாளிக்குள் ஏறினார், மகள் கீழே பிடியடியில் நின்றாள். கை நிமிர்ந்தபோது ஊர் வாயைப் பிளந்தது. அவர் முதலில் வெட்டவில்லை. கொப்புக் கொப்பாகக் குருவிக் கூடு இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு மரத்தில் கூடு இருந்தது, அந்தக் கொப்பை விட்டுவிட்டுச் சுற்றி வெட்டினார். ஆள் ஏறி வெட்டினால் முழுக் கொப்பும் விழுந்து வேலியை உடைக்கும். இவர் துண்டு துண்டாக, கயிற்றில் கட்டி, பூ இறக்குகிற மாதிரி இறக்கினார். நான் தண்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது போனது, வந்தது, ஒரு சொட்டு இல்லை.

மத்தியானத்துக்குள் ஆட்கள் மகளைச் சூழ்ந்துவிட்டார்கள். ஒருத்தருக்குக் கூரைமேல் சாய்ந்த தென்னை. மூதூரிலிருந்து சொந்தத்தைப் பார்க்க வந்த ஒருவருக்குப் பள்ளிவாசல் முற்றத்து வேம்பு. ஓர்ஸ் ஹில்லிலிருந்து ஒரு அம்மா, துறைமுகம் தெரியாமல் மறைக்கிற மரமொன்றை வெட்டாமல் குறைத்துத் தர ஏலுமோ என்று கேட்டா. மகள், "அவர் கீழ வரட்டும்" என்று சொல்லிச் சொல்லிக் களைத்தாள்.

அப்போதுதான் மேலே போன் அடித்தது. மருமகன் வாளை நிறுத்தினார். கையுறையைக் கழற்ற அலுத்து, போனை வாளி விளிம்பில் வைத்துச் சத்தமாகப் போட்டார். மேலே காற்றில்லை, எஞ்சினும் மெல்ல ஓடியது. ஏஜென்சிக்காரரின் குரல் வீதி முழுக்கக் கேட்டது. கட்டாருக்கு ரிக்கற் வந்திட்டுது தம்பி, இண்டைக்கு முடிவு சொல்ல வேணும், எங்க நிக்கிறீர் என்று கேட்டார்.

"உச்சியில நிக்கிறன் அண்ணை."

எந்தக் கட்டிடம் என்று கேட்டார்.

"கட்டிடமில்லை. வாகை மரம்."

கீழே மகள் பிடியில் கை வைத்தபடி அசையாமல் நின்றாள். சூழ நின்றவர்களும் மேலே பார்த்தார்கள். மருமகன் கீழே குனிந்து பார்த்தார். மகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"ஏலாது அண்ணை" என்றார். "இஞ்ச மரங்கள் கன கிடக்கு. நீங்கள் வேற ஆளைப் பாருங்கோ."

மகள் உடனே மட்டையை எடுத்துக்கொண்டு லொறிக்குப் பின்னால் போய்விட்டாள், ஒயில் பார்க்கிறாளாம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சம்பந்தி அம்மாதான் கூட்டத்தைப் பார்த்து, வரிசையா நில்லுங்கோ, என்ர பிள்ளை எங்கயும் போகேல்லை, என்று சொன்னா. கடற்கரையில் நின்றவர்களும் கேட்டிருப்பார்கள்.

தேரன்றைக்கு முடி ஒரு இலையிலும் முட்டாமல் போனது. எல்லாரும் பிள்ளையாரைக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன், ஆனால் கண் மேலே, மிஞ்சியிருந்த அந்தக் கூட்டுக் கொப்பில் இருந்தது. அது தேருக்கு மேலே மெல்ல ஆடிக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பூசைக்கும் சம்பந்தி அம்மா சந்தனச் செம்போடு வருகிறா. கதவுக்கு வைக்கலாம், சில்லுக்கு வைக்கலாம். தண்டடிக்கு யாராவது போனால் அவவே கையைத் தட்டிவிடுவா. நான் அதற்கு முன்னமே என் சேலைத் துண்டைத் தண்டில் சுற்றிக் கட்டிவிடுவேன். எதற்கும் இருக்கட்டும்.

மருமகனும் நானும் இப்போது நேரே கதைக்கிறோம். கன கதையில்லை. கிறீஸ் முடியுது தம்பி என்பேன். பார்க்கிறன் மாமி என்பார். வேலை முடிந்து வாளியைத் தாழ இறக்கி நான் கழுவப் போகும்போது மட்டும், ஒருக்கா ஏறிப் பாருங்கோ மாமி, துறைமுகம் முழுக்கத் தெரியும் என்பார். சேலையோடயோ, சனம் கீழ நிண்டு பார்க்கும் என்று நான் சொல்லுவேன். போன கிழமை மகள் தன்னுடைய பழைய சல்வார் ஒன்றைத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தாள். அவள் அதை உடுத்து நான் கண்டு கன காலம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அது காய்ந்து, மடித்து, என் அலுமாரியில் இருக்கிறது.